சனிக்கிழமை ஐந்து பவுண்டு

சுவரில் மூன்று தட்டு தட்டினால் வா என்று அர்த்தம். இரண்டு தட்டினால் பாட்டைக் குறை. எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டில் கெட்டில் கொதிப்பதுகூடக் கேட்கும். அந்த வியாழக்கிழமை பிற்பகல் க்ளென்டா டாஸ்கர் தட்டியது இரண்டுமில்லை, மூன்றுமில்லை. நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் தூக்கத்தில் இருந்தேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை மீன் ஆலையில் எனக்கு வேலை. ஆறிலிருந்து இரண்டு வரை க்ளென்டாவுக்கு. நான் நின்ற இடத்தில்தான் அவள் வந்து நிற்பாள். மாவில் புரண்டு வரும் ஹாடாக் மீன் துண்டுகளில் உடைந்ததைப் பொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். உடைந்தவற்றை மூட்டை கட்டி ஊழியர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். கிரிம்ஸ்பியில் எங்கள் தெருவே அந்த உடைசலைத் தின்றுதான் வளர்ந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். க்ளென்டா மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அலமாரிக்குள் தலையை விட்டு, மண்டியிட்டிருந்தாள். ஆலைத் தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"புரொபசரு வந்துட்டாரா? வா. வந்து இதைப் படிச்சுச் சொல்லு."

ஒன்றரை வருடம் கல்லூரிக்குப் போய்விட்டு நின்றவன் நான். தெருவில் அதை யாரும் மறக்க விடமாட்டார்கள்.

கடையில் கார்டில் பணம் ஏற்றி வந்து செருகினால்தான் கேஸ் விடும் மீட்டர் அது. அதன் சின்னக் கண்ணாடியில் எண் தெரிந்தது. கடன் 103.92.

"இருபது பவுண்டு போட்டேன்டா, டேரில். இருபது! முழுங்கிட்டு ஏப்பம்கூட விடல. கடை மெஷின்தான் தப்புப் பண்ணிடுச்சுன்னு திரும்ப ஓடி இன்னொரு இருபது போட்டுட்டு வந்தேன். அதுவும் போச்சு. பாய்லர் ஒரு முக்கல் முனகல் இல்ல."

"நாப்பதுமா போட்டீங்க?"

"அஞ்சு வாரமா ஒதுக்கி வச்ச நாப்பது. க்ளைவ் வர்றப்ப வீடு கதகதன்னு இருக்கணும்னு."

அவள் கணவர் க்ளைவ் ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் மீன் பெட்டி இறக்கியவர். நுரையீரல் போய்விட்டது. மறுநாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வருவாள். வீடு பதினெட்டு டிகிரி இருந்தால் சாயங்காலமே க்ளைவை அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஸ்கெக்னெஸ்ஸில் ஒரு பராமரிப்பு விடுதியில் படுக்கை காலியாக இருக்கிறது, அங்கே. நாற்பது மைல், இரண்டு பஸ். ஆஸ்பத்திரிக்கு அந்தக் கட்டில் வேண்டும்; அதில் ஆள் மாற வேண்டும்.

"அந்த விடுதில போடாதீங்கன்னு அவரு நர்ஸோட கையைப் பிடிச்சுக் கேட்டாராம். இவரு! டாக்டரையே போடா வாடான்னு பேசுற மனுசன்."

நான் தரையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நம் மூச்சே புகையாகத் தெரிந்தது. வெளியே ஹம்பர் கழிமுகப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. கதவில் கடிதம் போடும் துவாரத்தில் அவள் பழைய காலுறையைத் திணித்து வைத்திருந்தாள்.

"கேஸ் எப்ப கடைசியா எரிச்சீங்க?"

"ஏப்ரல்ல. கடைசி வாரம் அவசரத்துக்குன்னு கடனாக் குடுக்கிற பத்து பவுண்டையும் எரிச்சு முடிச்சேன். மே பொறந்ததும் கார்டை உருவி டப்பால போட்டுட்டேன்." சமையலறையில் ஒரு டீத்தூள் டப்பாவைக் காட்டினாள். "சமையலுக்கு மைக்ரோவேவ் இருக்கு. குளியலுக்கு ஆலை இருக்கு. ஒரு தீக்குச்சி அளவு கேஸ் எரிக்கலடா. கார்டே உள்ள இல்லையே, அது எப்படித் திங்கும்?"

"எரிச்சாலும் எரிக்காட்டியும் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு பென்ஸ் எடுப்பான். குழாய் வாடகை மாதிரி. கார்டு டப்பால இருந்தாலும் சரி, கடல்ல இருந்தாலும் சரி."

"எரிக்காததுக்கு வாடகையா?"

"ஆமா."

"அப்ப நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு என்னடா அர்த்தம்?"

மாதக் கடைசியில் பில் கட்டுகிறவன் ஒரு மாதம் கட்டாவிட்டால் அவனுக்குக் கடிதம் வரும். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். எங்களுக்குக் கடிதம் வராது. அடுப்பு அணையும்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. இருபத்தேழு வாரம். வாடகை மட்டுமென்றால் ஐம்பத்து மூன்று பவுண்டுகூட ஆகாது. அவசரக் கடன் பத்தைச் சேர்த்தால் அறுபத்து மூன்று. அவள் நாற்பதைப் போடுவதற்கு முன் மீட்டர் காட்டிய கடன் நூற்று நாற்பத்து நான்கு. எண்பத்தோரு பவுண்டு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"கம்பெனிக்குப் போன் பண்ணணும்" என்றேன்.

"உன்கிட்ட எவ்வளவுடா இருக்கு? முதல்ல அதைச் சொல்லு."

"பதினொண்ணு. நாளைக்கு மத்தியானம்தான் சம்பளம்."

"எனக்கும் அதே மத்தியானம்தான். அந்தம்மா பத்து மணிக்கே வந்து நிப்பா." தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்தாள். மாவுத்தூள் பறந்தது. "போடு போனை."

காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் போனில் பியானோ வாசித்தார்கள். க்ளென்டா கோட்டோடு சமையலறையில் நின்று உடைசல் மீனை மைக்ரோவேவில் வைத்தாள். அதில் வைத்தால் மேல்மாவு ஈரத் துணி மாதிரி ஆகிவிடும். வினிகரைக் கொட்டி, பிரெட்டுக்கு நடுவில் வைத்து ஆளுக்கொன்று தின்றோம். கடைசியில் ஒருத்தி வந்தாள். பெயர் ப்ரையனி என்றாள். க்ளென்டா போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கணக்கு திரு. க்ளைவ் டாஸ்கர் பேர்ல இருக்குங்க. அவர்கிட்டதான் நாங்க பேச முடியும்."

"அவரு ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட படுத்திருக்காரு, கண்ணு. அவரு வீட்டுக்கு வரணும்னா எனக்கு கேஸ் வேணும். கேஸ் வேணும்னா அவரு வந்து பேசணுமா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"புரியுதுங்க. அவர் ஒரு அனுமதிக் கடிதம் எழுதி அனுப்பினா அஞ்சு வேலை நாள்ல..."

க்ளென்டா போனை வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இருமத் தெரியுமா?"

"என்னது?"

"ராத்திரி பூரா ஃப்ரீசர் பக்கம் நிக்கிறவன் உனக்கு இருமல் வராதா? க்ளைவ் மாதிரி இருமு பாப்போம்."

இருமிக் காட்டினேன்.

"இது என்னடா, பூனை முடியைத் துப்புற மாதிரி இருக்கு. அடி வயித்துலேர்ந்து எடு. அவரு பேசறப்ப ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் ஒரு மூச்சு நிறுத்துவாரு. அது மாதிரி பேசு."

மறுபடி பியானோ. இந்த முறை முப்பத்தைந்து நிமிடம். அதே ப்ரையனி வரக்கூடாது என்று க்ளென்டா விரலை மடக்கி வைத்துக்கொண்டாள். வேறொரு பெண் வந்தாள், சின்ன வயதுக் குரல். நான் க்ளைவ் டாஸ்கர் ஆனேன். பிறந்த தேதி கேட்டாள். க்ளென்டா விரல்களால் காட்டியதைச் சொன்னேன். தபால் எண் சொன்னேன். இருமினேன்.

"உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "மீட்டர் போட்டு மூணு வருஷம் ஆகுது. பழைய பில் பாக்கி எழுநூத்துச் சொச்சத்துக்காகப் போட்ட மீட்டர், இல்லையா சார்? அதுக்கு வாரம் மூணு பவுண்டு பிடிக்கிறோம். கூடவே தினசரி கட்டணம்."

க்ளென்டாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

"எழுநூறா?" என்று வாயசைத்தாள்.

அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். நல்ல மாதிரியான பெண்தான். "உங்க கணக்கு ரொம்ப ஒழுங்கா இருந்திருக்கு சார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அஞ்சு பவுண்டு. வாடகைக்கும் பாக்கிக்கும் கிட்டத்தட்ட அது சரியாப் போயிடும். கோடையிலகூட ஒரு வாரம் விடல. இப்படிக் கட்டுறவங்களை நான் பாத்ததே இல்ல. இந்த ஏப்ரல் கடைசியோட நின்னுடுச்சு. ஏதாவது பிரச்சனையா சார்?"

நான் இரும வேண்டிய இடம். இருமல் வரவில்லை. க்ளென்டா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றேன். "நடக்க முடியல."

அதன் பிறகு நடந்தது கணக்கு வழக்கு. மீட்டரில் இருக்கும் கடனை எடுத்துப் பழைய பாக்கியோடு சேர்த்துவிடலாம். வாரம் மூன்றுக்குப் பதில் நான்கு பிடிப்பார்கள். அதற்கான தகவல் கடை மெஷினுக்குப் போகும். கார்டைக் கொண்டுபோய்ச் செருகினால் மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்.

"எப்ப போகும்?"

"நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சார்."

"காலைல பத்து மணிக்கு முன்னால வேணும்."

"சிஸ்டம் சாயங்காலம் ஒரு தடவைதான் அனுப்பும். இன்னிக்கு நேரம் தாண்டிடுச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே போயிருக்கும்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ப்ரையனியிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

போனை வைத்த பிறகு அவள் பிரெட் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லா வீட்டுக்கும் மீட்டர் மாத்துறாங்கன்னு சொன்னாரு. நான் நம்பினேன். அதை நம்பினேன். சனிக்கிழமை சனிக்கிழமை, 'மீட்டருக்கு அஞ்சு பவுண்டு குடு'ம்பாரு. ஜூலை மாசத்துல! வெயில்ல தார் உருகுது, கேஸுக்கு அஞ்சு பவுண்டாம். அதை நம்பல."

"என்னன்னு நெனச்சீங்க?"

"குதிரைன்னு. வேற என்ன? அவங்கப்பன் சம்பளம் பூராக் குதிரைல விட்டவன். ஏப்ரல்ல கால் நடக்க மாட்டேன்னு ஆனதும், 'நீயே போய்ப் போட்டுடு, க்ளெண்டு'ன்னாரு. 'என்ன, ஜாக்கிக்கா?'ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கல." தட்டைத் தள்ளினாள். "அவரு வேலை போன வருசத்துப் பாக்கி. எழுநூறு. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே அந்த மனுசன்? வெட்கமாம். இந்தத் தெருவுல எவனுக்குடா வெட்கப்பட யோக்யதை இருக்கு?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வருகையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என்றார்கள். அதுவரை கட்டிலை வைத்திருக்க முடியாது.

"சரி, வரட்டும்" என்றாள். "ஒரு ரூம் சூடு பண்ண முடியாதா நம்மால?"

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நான் ஆலையிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் லீவு சொல்லியிருந்தாள். அதாவது ஒரு நாள் கூலி போச்சு. கரண்டுக்கும் முன்பணம்தான், கார்டுக்குப் பதில் சாவி; என் பதினொரு பவுண்டில் பத்தை அதில் ஏற்றியிருந்தோம். என்னுடைய இரண்டு கம்பி ஹீட்டர் ஒன்று. முனைக்கடை ஹிவா ஈராக்கிலிருந்து வந்த குர்து இனத்தவர்; அந்த இரண்டு நாளும் கல்லாவில் உட்கார்ந்திருந்த மைத்துனனிடம், காலுக்கு வைத்துக்கொள்ளும் மின்விசிறி ஹீட்டரைக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு எண்ணெய் ரேடியேட்டர், ஒரு சக்கரம் இல்லாதது.

மாடி அறையைச் சூடாக்க முடியாது. மேல்கூரையில் ஓட்டை, வீட்டுக்காரன் மூன்று வருடமாகப் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறான். எனவே கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில் மெத்தை மாட்டிக்கொண்டது. நான் கீழே, அவள் மேலே.

"தள்ளுங்க, க்ளென்டா!"

"நாப்பது வருசமா தள்ளிக்கிட்டுத்தான்டா இருக்கேன்!"

எட்டரைக்குக் கட்டில் நின்றது. கதவிடுக்குகளில் துண்டு. ஜன்னலுக்கு மேல் போர்வை. க்ளைவின் பழைய துறைமுகக் குல்லாவைக் கட்டில் கம்பியில் மாட்டினாள். பிறகு எடுத்தாள். திரும்ப மாட்டினாள். ஒன்பதரைக்குப் பதினேழு டிகிரி. நாங்கள் இருவரும் நடுவில் நின்றோம், உடம்புச் சூடும் சேரட்டும் என்று. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதினெட்டரை.

"வந்துடுச்சுடா" என்று என் முதுகில் அறைந்தாள். நாலு வருடமாக அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

வந்த பெண்ணின் பெயர் ரோவீனா பெக். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மோசமான பெண் இல்லை. ஹீட்டர்களைப் பார்த்தாள், ஒயர்களைத் தாண்டி நடந்தாள். தன் வெப்பமானியைக் கட்டில் தலைமாட்டில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தாள். க்ளென்டா டீ கொடுத்தாள்.

"பதினெட்டு புள்ளி ஆறு" என்றாள். "நல்லது. கட்டிலைக் கீழ இறக்கினது நல்ல யோசனை, மிசஸ் டாஸ்கர். படி ஏற வேண்டியதில்ல."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் க்ளென்டா. சொன்னது நான்.

"கழிப்பறை கீழயே இருக்கா?"

"பின்னால இருக்கு. கைப்பிடிகூட இருக்கு."

ரோவீனா பெக் சமையலறை வழியாகப் பின்னால் போனாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். திரும்பி வரும்போது சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்றாள். சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நானும் க்ளென்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெந்நீர். ராத்திரி முழுக்க ஹீட்டர் பற்றி யோசித்தோம், மெத்தை பற்றி, கதவிடுக்கு பற்றி யோசித்தோம். அந்தக் குழாயில் வெந்நீர் வர வேண்டும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மே மாதத்திலிருந்து அது வெறும் இன்னொரு தண்ணீர்க் குழாய். என் வீட்டிலும் அப்படித்தான். ஆலையில் குளிக்கிறவர்கள் நாங்கள்.

"கொஞ்சம் நேரமாகும்" என்றாள் க்ளென்டா. "பழைய பாய்லர்."

ரோவீனா பெக் இன்னும் ஒரு நிமிடம் விரலை நீட்டியே நின்றாள். பிறகு பாய்லரைப் பார்த்தாள். அதில் விளக்கு எரியவில்லை. குழாயை மூடினாள்.

"கேஸ் இல்லையா, மிசஸ் டாஸ்கர்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடும். போன்ல சொல்லிட்டாங்க. ஆறு மணிக்கு. அவரு வர்றதே அஞ்சு மணிக்கு மேலதானே? ஒரு மணி நேரம். கெட்டில் இருக்கு, நான் கெட்டில்ல வச்சே அவரை முழுசாக் குளிப்பாட்டுவேன், கண்ணு."

"வெந்நீருக்கு இங்க 'இருக்கு', 'இல்ல'ன்னு ரெண்டுதான் போட முடியும். 'சாயங்காலம் வரும்'னு போட இடமே இல்ல."

"'இருக்கு'ன்னு போடுங்க."

"போட்டுட்டு, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அங்க அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ரோவீனா பெக் பலகையில் 'இல்ல' மேல் விரலை வைத்தாள். அவ்வளவுதான். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவப் போனவள் குழாயைப் பார்த்து நிறுத்தி, தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் க்ளென்டா செய்த முதல் காரியம் மூன்று ஹீட்டர்களையும் அணைத்ததுதான். கரண்டுச் சாவியில் எண்பது பென்ஸ் மிச்சமிருந்தது.

சாயங்காலம் கார்டைக் கடையில் செருகிக் கொண்டுவந்ததும் ஆறேகாலுக்குக் கேஸ் வந்தது, சொன்ன மாதிரியே. அதே நேரத்தில் க்ளைவ் ஸ்கெக்னெஸ் போகும் வண்டியில் இருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. நான் பால் வாங்கப் போனபோது க்ளென்டா ஹிவாவின் கடையில் வரிசையில் நின்றாள். நல்ல கோட்டு, தலையில் ஸ்கார்ஃப், பையில் க்ளைவின் பைஜாமாவும் குல்லாவும். பத்து ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"வீடு சூடா இருக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்கு? நான் ஒருத்தி கோட்டைப் போட்டுக்கிட்டா ஆச்சு. பன்னெண்டு நாள் கழிச்சு அந்தம்மா மறுபடி வர்றா. அன்னிக்கு எரிச்சாப் போதும். அதுவரைக்கும் சேக்கணும்."

அவள் முறை வந்தது. டீத்தூள் வாசனையடிக்கும் கார்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். ஹிவா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது க்ளைவ் கார்டு இல்ல? ஏப்ரல்லேர்ந்து ஆளைக் காணோம். வேற கடைக்குப் போறாருன்னு எனக்குக் கோவமா இருந்துச்சு. சனிக்கிழமைன்னா பத்து மணிக்கு டான்னு வந்து நிப்பாரு. மழை பேஞ்சாலும் வருவாரு. குதிரைப் பேப்பர் இலவசமாத் தர்றேன்னாக்கூட வாங்க மாட்டாரு."

க்ளென்டா பர்ஸைத் திறந்து குனிந்தபடியே நின்றாள். வரிசையில் பின்னால் ஒருவன் செருமினான்.

"எப்பவும் போல அஞ்சுதானே?" என்று ஹிவா கார்டை மெஷினில் செருகினார்.

"ஆறு" என்றாள் க்ளென்டா. காசை எண்ணி வைத்தாள். "இப்ப ஆறு."